கிட்டங்கியும் நம் முன்னோரும்



வேற்றூர் சென்ற ஒருவனுக்கு முதற்கண் வேண்டுவது தங்குவதற்கு ஓரிடமேயாம். மடியிற் பொருளிருந்தும் உறையுள் அறியாதவன் நடுத்தெருவில் நிற்பான். சிலப்பதிகாரத்துள் கோவலன் மதுரையின் புறத்தே வந்து சேர்ந்தபோது, நகருட் சென்று தன் குலத்து வணிகரைக் கண்டு வருங்காறும் கண்ணகியைக் காத்தருளுமாறு கவுந்தியடிகளை வேண்டினான். பின்னர் அடிகள் அவ்விருவரையும் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். அவ்வில்லத்தில் ஒருவேளை உணவுண்ட பின்னரே கோவலன் சிலம்பு விற்கப் புறப்பட்டான்.

இப்பகுதியைப் பாடஞ் சொல்லுங்கால், மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, மதுரையில் அவன் குலத்தாருக்கென்று ஒரு விடுதி இருந்திருந்தால், அவன் தனியனாய்ச் சிலம்பைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருப்பானா?" என்று வினவினான். வகுப்பார் நகைத்தனர், யாமும் நகைத்தோம். ஆயினும் அவ்வினா எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. தெரிந்தவர் ஒருவரும் இல்லாத பெருநகரில், குறைந்த செலவிலே, தம்மவர் பலரோடு கூடித் தங்கும் ஓரிடம் மனிதனுக்கு எத்துணைக் காப்பு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் கடல் கடந்த நகரங்களில் அமைத்துக்கொண்ட கிட்டங்கி என்னும் உறைவிடத்தைப் பற்றிச் சில செய்திகளை நம் இளைஞரும் பெண்மக்களும் அறியுமாறு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சொல்லும் பொருளும்

கிட்டங்கி என்னுஞ் சொல் நம் வீடுகளில் இன்றும் வழங்குவதே. தமிழிற் கிடங்கு என்பது அகழியையும் பண்டசாலையையும் குறிக்கும். மலாய் மொழியில் கெடோங் என்றும், ஆங்கிலத்தில் கோடௌன் என்றும் வழங்குஞ் சொற்கள் இதனோடு உறவுடையன என்பது மொழிநூலார் பலர் கொள்கை. வணிகர் வாயாகக் கீழைக்கடற் கரைகளிலெல்லாம் பரவிய சொற்களுள் இஃது ஒன்று. பண்டம் அடுக்கும் இடத்தின் பெயரே நம்மவர்க்கு மக்கள் தங்கும் இடத்தின் பெயராயிற்று. கிட்டங்கியுள் நம் முன்னோர் தங்கிய முறையைக் காணின், இப்பெயர் பொருத்தமற்றது என்று எவரும் கூறார்.

நகரத்தார் வழக்கில், அயல்நாடு சென்று தொழில் நடத்துதலைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பர். கொண்டதை விற்றல் என்னும் பழைய வாணிகமே அத்தொடரிற் பொதிந்திருக்கின்றது. உப்பும் நெல்லும் பருத்தியும் கொண்டு விற்றவர் பிற்காலத்தே பணத்தையே பண்டமாகக் கொண்டு விற்றனர். தொழில் மாறினும் சொல் மாறவில்லை.

தோற்றம்

பலரும் கூடித் தங்கும் விடுதிகளை அமைத்தல் நம்மவர்க்குப் பழகிய செயலே. காசித் திருநகரில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1813-ஆம் ஆண்டில் தோன்றியது. தெற்கேயிருந்து பல நூறு காதம் கடந்து வரும் யாத்திரிகன், மொழி தெரியாத ஊரில், தன் மொழியிற் பேசித் தன் ஊர் உணவை உண்டு தங்குவதற்கு அஃது இடமாயிற்று. சத்திரம் புண்ணியத்தின் பொருட்டு எழுந்தது. கிட்டங்கி தொழிலின் பொருட்டு எழுந்தது. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே.

1819-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் துரை சிங்கப்பூரில் ஆங்கிலக் கும்பினியாரின் வாணிகத் தலத்தை நிறுவினார். அதனையடுத்த சில ஆண்டுகளுக்குள் நம்மவர் அங்கே குடிபுகத் தொடங்கினர். 1859-ஆம் ஆண்டில் தாங்கு வீதியிலே தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். தொழில் நிலைத்த ஊரில் முருகப்பெருமானுக்குக் கோயில் எடுப்பது நம்மவர் மரபாதலின், அவ்வாண்டிற்கு முன்னரே அங்கு அவர்கள் தொழில் வேரூன்றியிருந்தது என்று கொள்ளலாம். பினாங்கில் தண்ணீர்மலைச் சாலைக் கோயில் 1857-ஆம் ஆண்டினது. அந்நகரில் நம்மவர் தங்கிய தெருவைக் கிட்டங்கித் தெரு என்றே தமிழர் வழங்கினர். இரங்கூனில் மொகல் தெருவும், சைகோனில் கோயிலை ஒட்டிய தெருவும் நம்மவர் மிகுந்து வாழ்ந்த இடங்கள்.

ஆங்கிலேயர் 1852-ஆம் ஆண்டிற் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றியதும், 1869-ஆம் ஆண்டிற் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இத்தொழிலைப் பன்மடங்கு பெருக்கின. பர்மா அரிசிக்கும் மலாய் நாட்டு ஈயத்திற்கும், பின்னர் இரப்பருக்கும் உலகெங்கும் கிராக்கி உண்டாயிற்று. காடு திருத்துவோனுக்கும், சுரங்கம் அகழ்வோனுக்கும், சில்லறைக் கடை வைப்போனுக்கும் முதல் வேண்டியிருந்தது. ஐரோப்பிய பாங்குகள் சிறு மனிதரை நம்பிக் கடன் கொடுக்க முன்வரவில்லை, நம்மவர் முன்வந்தனர்.

கட்டிடத்தின் அமைப்பு

சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவே கிட்டங்கிகளின் உறைவிடம். அதனைத் தமிழர் செட்டித் தெரு என்றே வழங்கினர். அத்தெருவின் வீடுகள் முகப்பிற் குறுகி உட்புறம் நீண்டு செல்வன. முன்னே மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் ஐந்தடி நடை. அதனைக் கடந்தால் நீண்டதொரு கூடம். அக்கூடத்தின் இருமருங்கும் ஒவ்வொரு விலாசத்தாருக்கும் சில முழ இடமே அளக்கப்பட்டிருக்கும். அவ்விடத்தில் கணக்கெழுதும் சாய்வுப் பெட்டி ஒன்று, ஓர் இரும்புப் பெட்டி, ஓர் அலமாரி, தரையில் விரித்த பாய். பகலில் அதுவே தொழில் நடக்கும் இடம். இரவில் பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அதே பாயிற் படுத்துறங்குவர். மேன்மாடத்திலும் இவ்வாறே. பின்கட்டில் நீர்த்தொட்டியும் குளிக்குமிடமும் சமையற்கட்டும் அமைந்திருக்கும்.

வாடகையைப் பலரும் பகிர்ந்து கொண்டனர். உணவும் பொதுவே, சமையற்காரர் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து சென்றவர். மாதமுடிவில் அரிசி, மளிகை, விறகுச் செலவுகளைக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடுவர். ஒருவன் தனித்து வீடு பிடித்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்கு ஆகும். பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கும் ஒரு மேலாளுக்கும், கப்பலிலிருந்து நேற்று இறங்கிய பையனுக்கும் படுக்கை ஒரே வகைப் பாய்தான். ஐரோப்பியரும் சீனரும் இதனைக் கண்டு வியந்தனர். சிலர் கருமித்தனம் என்று இகழ்ந்ததும் உண்டு. அவர்கள் அறியாதது ஒன்றுண்டு. அங்கிருந்த பணத்திற் பெரும்பகுதி மேலாளுடையதன்று. ஊரிலுள்ள முதலாளியினுடையதும், உறவினர் தவணைக்கு இட்டதும், கைம்பெண்கள் நம்பிக் கொடுத்ததுமாம். பிறர் பொருளைக் கையில் வைத்திருப்போன் பாயிற் படுப்பதே அழகு என்று நம் முன்னோர் கருதினர்.

அங்கு நிகழ்ந்த வாழ்க்கை

எம் ஐயாவின் தமையனார் பதினைந்து வயதில் பெட்டியடிப் பையனாகச் சிங்கப்பூர் சென்றவர். யாம் சிறுவராயிருந்தபோது அவரிடம் கேட்டறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம். நாகப்பட்டினத்தில் ரஜுலாக் கப்பலேறினாராம். 1926-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்று 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் மலாய் நாட்டுத் துறைகளுக்குமிடையே ஓடிய அக்கப்பலை அறியாத பழங்குடும்பம் நம்மிடை அரிது. கையில் ஒரு தகரப்பெட்டி; அதனுள் இரண்டு வேட்டி, ஒரு திருநீற்றுப் பை, ஒரு கடிதம். சிங்கப்பூரில் இறங்கியதும் அக்கடிதத்தைக் காட்டி எந்தத் தமிழரை வினவினாலும் கிட்டங்கிக்கு வழி சொல்லிவிடுவார் என்று அவர் தந்தையார் கூறியனுப்பினாராம். அவ்வாறே நடந்தது. "கூடத்துக்குள்ள கால் வெச்சதும் வெங்காயம் தாளிக்கிற வாடை அடிச்சது, அப்பத்தான் அழுகை நின்னுச்சு" என்று அவர் சொல்லுவார்.

தொழிலாளர் வரிசை இவ்வாறு அமைந்திருந்தது. ஊரிலிருப்பவர் முதலாளி. கிட்டங்கியில் அவர் பெயரால் தொழில் நடத்துபவர் மேலாள். அவரை ஏஜெண்டு என்றும் சொல்லுவர். அவர்க்குத் துணை அடுத்தாள். எல்லார்க்கும் இளையவன் பெட்டியடிப் பையன். விடியுமுன் எழுந்து கூடத்தைப் பெருக்குவதும், மைக்கூட்டை நிரப்புவதும், மேலாளுக்குக் குளிக்க நீர் எடுத்து வைப்பதும் அவன் வேலை. பகலில் பெட்டியின் அருகிலமர்ந்து எண்ணும் எழுத்தும் பழகுவான். அடுத்தாளுடன் வசூலுக்குச் சென்று தெருக்களையும் மனிதர்களையும் அறிவான். இரவில் குறிப்பிலிருந்து பேரேட்டிற்கு ஏற்றிக் கையிருப்பைச் சரிபார்ப்பர். ஒரு காசு உதைத்தாலும் அது காணும் வரை எவரும் பாய் விரிக்கக் கூடாது. ஓரிரவு இரண்டு காசு ஒவ்வாமையால் மூன்றாஞ் சாமம் வரை விழித்திருந்ததாகவும், முடிவில் அவ்விரண்டு காசும் தாமே மோர் வாங்கி எழுத மறந்தது என்று தெரியவந்ததாகவும் பெரியவர் கூறுவார். மேலாள் அடிக்கவில்லை, வையவில்லையாம். "எழுது" என்று ஒரு சொல் மட்டும் சொன்னாராம். அச்சொல்லை அவர் எண்பது வயதிலும் மறக்கவில்லை.

ஒவ்வொரு தவணைக்கும் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, சம்பளத்தின் ஒரு பகுதியை முன்னதாகக் குடும்பத்திற்கு வாங்கிக் கொடுத்துவிட்டே கப்பலேறுவர். தவணை முடிந்தபின் ஊர் திரும்பிச் சிலகாலம் இருந்து மீண்டும் செல்வர்.

நாணயம் காத்த முறை

கிட்டங்கியிற் கதவடைத்த அறை இல்லை. ஒருவர் பெட்டியில் நடப்பதை அடுத்த பெட்டிக்காரர் காண்பார். யாரிடம் எவன் கடன் வாங்கினான், எவன் தவறினான், எவன் நாணயமானவன் என்பன எல்லாருக்கும் ஒருநாளில் தெரிந்துவிடும். ஆதலின் ஒரே ஈட்டை இருவரிடம் காட்டி ஏமாற்றுவது எளிதன்று. ஒரு விலாசத்தாருக்குத் திடீரெனப் பணம் வேண்டின் அடுத்த விலாசத்தார் கைமாற்றுக் கொடுப்பர். ஒருவர் ஒழுக்கம் தவறின் அடுத்த கப்பலிலேயே செய்தி ஊருக்குச் சென்றுவிடும். அவர்க்குப் பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஆள் இராது. இவ்வச்சம் நீதிமன்றத்தைக் காட்டிலும் வலியது.

வழக்கு நேரின் கோயிலில் கூடிப் பெரியோர் தீர்ப்பர். இரங்கூனில் தமிழ் மாதந்தோறும் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை வரையறுத்தனர். வரவில் ஒரு சிறு கூறு மகமையாகக் கோயிலுக்குச் சென்றது. விளக்கும் பூசையும் அன்னதானமும் அதனால் நடந்தன. கிட்டங்கி உடலென்றால் கோயில் உயிர். தைப்பூசத்திற்கு முன்னாளில் சிங்கப்பூரில் வெள்ளி இரதம் தாங்கு வீதியினின்று புறப்பட்டுக் கியோங் சைக் சாலையிலுள்ள இலயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று மீளும் வழக்கம் இன்றுவரை நின்று நிலவுகின்றது.

வீட்டிலிருந்தோர்

இவ்வளவும் ஆடவர் கதை. கிட்டங்கியிற் பெண்டிருக்கு இடமில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் கணவனை எதிர்பார்த்து, ஆயிரஞ் சன்னல் வீட்டினுள்ளே மாமியார் கீழும் நாத்தனார் கீழும் காலங்கழித்த பெண்மக்களின் பொறுமையே கிட்டங்கியின் மறைவான முதல். எங்கள் பெரிய அப்பத்தாள் ஒன்று சொல்லுவார். அவருடைய தலைமகன் பிறந்தது கணவர் கப்பலேறிய நான்காம் மாதம். தந்தை திரும்பி வந்து வாயிற்படியில் நின்றபோது, இரண்டரை வயதுப் பிள்ளை தாயின் முன்றானையைப் பற்றிக்கொண்டு, "ஆத்தா, இவுக யாரு?" என்று கேட்டதாம். "பேரேட்டுல வரவு மட்டுந்தான் எழுதுனாக. இந்தப் பத்த எங்க எழுதுறது?" என்பது அவ்வம்மையார் வாய்மொழி. நம் மாளிகைகளின் தேக்குத் தூண்களையும் பளிங்குத் தரைகளையும் கண்டு மகிழ்வோர் இப்பற்றையும் நினைத்தல் வேண்டும்.

நாம் மறைக்கலாகாத பக்கம்

வரலாறு எழுதுவோன் தன் குலத்தாரின் பெருமையை மட்டும் எழுதுவானாயின் அது வரலாறாகாது; வாழ்த்துப் பத்திரிகையாம். ஆதலின் பர்மாவில் நிகழ்ந்ததையும் கூறுகின்றோம்.

1929-30 ஆண்டுகளில் விசாரணை நடத்திய பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் குழுவார், அந்நாட்டில் நம்மவர் தொழிலகங்கள் சுமார் 1,650 என்று கணக்கிட்டனர். கீழ்ப் பர்மாவின் காடுகள் நெற்கழனிகளாக மாறியதில் நம்மவர் முதலுக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. நெல்விலை வீழ்ந்தது. குடியானவன் வட்டியும் கட்ட இயலாதவனாயினான். ஈடு வைத்த நிலம் நம்மவர் கைக்கு வந்தது. முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறாக இருந்த நம்மவர் நிலம், 1937-இல் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. நம்மவர் விரும்பியது பணத்தையே, நிலத்தையன்று. விற்று மீட்க வழியின்றியே நிலக்காரராயினர். இஃது உண்மையே. எனினும் தன் தந்தை திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மியக் குடியானவனுக்கு அவ்வுண்மையால் ஆறுதல் என்ன? அவன் உள்ளத்தில் மூண்ட கசப்பு இயற்கையே.

இங்கே கிட்டங்கியின் ஒரு குறையும் விளங்குகின்றது. நம்மவர் மலாய் மொழியும் பர்மிய மொழியும் தொழிலுக்கு வேண்டிய அளவு பேசக் கற்றனர். சீனரோடும் மலாய்க்காரரோடும் நாடோறும் பழகினர். ஆயினும் மாலையில் கூடத்திற்குத் திரும்பியதும் செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றிற்கே திரும்பியவராயினர். தம்முள் ஒருவரை ஒருவர் காத்த அச்சுவர், வெளியே மூண்ட புகையைக் காணவொட்டாமலும் செய்தது. ஒரு குலத்தாரை ஒன்றுசேர்க்கும் இடம், அவர்களை ஊராரிடமிருந்து பிரிக்கும் இடமாகவும் ஆகக்கூடும். இதனை நாம் மறத்தலாகாது.

முடிவு

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 23-இல் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டகன்றனர். கப்பல் கிடைக்காதோர் மலைக்காடுகளின் வழியே கால்நடையாக அஸ்ஸாம் நோக்கி வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. எங்கள் பெரியவர் அப்பொழுது அங்கேயே சிக்குண்டார். மூன்றரை ஆண்டுகள் ஊரிலிருந்து கடிதம் இல்லை. கூடத்திற் பாய்கள் குறைந்தன. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட, வாழைமரப் படம் பொறித்த நோட்டுகளைக் கொணர்ந்து பழங்கடன்களை அடைத்தவர் பலர். 1945-இல் ஜப்பானியர் தோற்றதும் அந்நோட்டுகள் வெறுங் காகிதமாயின.

போர் முடிந்தபின்னும் பழைய செழிப்பு மீளவில்லை. பர்மா 1948-இல் விடுதலை பெற்றது, நிலங்கள் நாட்டுடைமையாயின. 1963-இல் பாங்குகளும் நாட்டுடைமையாக்கப்பட, எஞ்சியிருந்த நம்மவரும் வெறுங்கையுடன் திரும்பினர். இதற்கு முன்னரே காலப்போக்கை உணர்ந்தாரும் இருந்தனர். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-இல் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூவிடங்களிலும் ஒரேநாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியது அவ்வுணர்ச்சியின் பயன். சாய்வுப் பெட்டியின் காலம் முடிந்து பாங்கு மேசையின் காலம் வருவதை அவர் கண்டார்.

சிங்கப்பூரில் கிட்டங்கிகள் மெலிந்தேனும் பின்னும் பல ஆண்டுகள் இருந்தன. அந்நகரின் வாணிகப் பகுதி 1970-களிற் புதுக்கி அமைக்கப்பட்டபோது மார்க்கெட் தெருவின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. இன்று அத்தெருவில் 2021-இல் கட்டி முடிக்கப்பெற்ற 51 அடுக்கு மாளிகை ஒன்று 280 மீட்டர் உயரம் நிற்கின்றது. அதன் நிழலில் நடப்போர்க்குக் கூடமும் பாயும் நினைவில் இரா. தாங்கு வீதிக் கோயில் மட்டும் 1983-இற் புதுப்பிக்கப்பெற்று, 2014-இல் அவ்வரசாங்கத்தாரால் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு விளங்குகின்றது.

விந்தை ஒன்று உண்டு. ஜப்பான் தேசத்து ஒசாகா நகரில் 1979-ஆம் ஆண்டில், ஓர் ஆள் படுக்கும் அளவினவாகிய பெட்டிகளை அடுக்கிய விடுதி ஒன்றைத் திறந்தனர். அம்முறை இன்று சிங்கப்பூர் முதலிய பெருநகரங்களிலெல்லாம் பரவியிருக்கின்றது. நம் இளைஞர் வேலை தேடிச் செல்லுங்கால் அத்தகைய மலிவு விடுதிகளிலேயே முதற் சில நாட்கள் தங்குகின்றனர். படுக்கும் இடத்தின் அளவு கிட்டங்கிப் பாயின் அளவே. ஆனால் அடுத்த பெட்டியிற் கிடப்பவர் யார் என்று இவனுக்குத் தெரியாது. இவனுக்குக் காய்ச்சல் கண்டால் அவருக்குத் தெரியாது. வெங்காயம் தாளிக்கும் வாடையும் அங்கில்லை.

நாம் செய்யத் தக்கவை

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றை நாணத்துடன் வெளியிடுகின்றோம். எங்கள் பெரியவர் ஊர் திரும்பியபோது தம் சாய்வுப் பெட்டியையும் ஏழு பேரேடுகளையும் உடன் கொணர்ந்தார். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குப் பின், வீட்டைப் பங்கிட்டு ஒழுங்கு செய்தபொழுது, அப்பெட்டியைக் காரைக்குடியிற் பழம்பொருள் விற்கும் ஒருவர்க்கு விற்றோம். பேரேடுகளை எடைக்குப் போட்டோம். தமிழாசிரியராகிய யாமே உடனிருந்து அதனைச் செய்தோம். பழஞ்சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையரவர்கள் ஊரூராய் அலைந்த வரலாற்றை வகுப்புத்தோறும் சொல்லும் வாய், அன்று அடைத்துக் கிடந்தது. அலமாரியின் பின்னே விழுந்து தப்பிய ஒரு பேரேடு மட்டும் இப்பொழுது எம்மிடம் உள்ளது. பிள்ளையார் சுழியிட்டுச் சிவமயம் என்று தொடங்கும் அது 1942-ஆம் ஆண்டு தை மாதத்தோடு நின்றுவிடுகின்றது. கடைசிப் பக்கத்தில் இருப்பு என்று எழுதி, எதிரே தொகை எழுதப்படவில்லை. அவ்வெற்றிடத்தைக் காணுந்தோறும் எடைக்குப் போன ஆறு பேரேடுகளின் நினைவு எம்மை வருத்துகின்றது.

ஆதலின் அங்கத்தினர்களுக்கு எம் வேண்டுகோள் இவை. வீடுகளிற் கிடக்கும் பேரேடு, சம்பளச் சீட்டு, கடிதம், கப்பற் சீட்டு முதலியவற்றை எவரும் விற்றலும் எரித்தலும் வேண்டா. பங்காளிகள் பாகம் பிரிக்குங்கால் அவற்றை ஒருவர் பொறுப்பில் வைக்கலாம். அல்லது நூல்நிலையம் ஒன்றிற்கு அளிக்கலாம். கிட்டங்கியில் வாழ்ந்த பெரியோர் இன்று மிகச் சிலரே. அவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். எந்த ஆண்டு எந்தக் கப்பலில் சென்றார், எந்தத் தெருவில் தங்கினார், என்ன உண்டார், யாரோடு பழகினார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆச்சிமார்களையும் தனியே கேட்டு எழுதுக. அவர்கள் கணக்கு வேறு.

இறுதியாக ஒன்று. நம் பிள்ளைகள் இன்று செல்லும் பெருநகரங்களில், முதல் மாதம் தங்கத்தக்க எளிய இடம் ஒன்றை ஆங்காங்குள்ள நம்மவர் கூடி அமைத்தல் அரிதன்று. மாளிகை வேண்டா, நான்கு பாயும் ஒரு சமையற்கட்டும் போதும். செலவைப் பங்கிடும் பழைய முறையே போதும். ஆனால் பழைய கிட்டங்கியின் குறையை அதனுட் புகவிடலாகாது. அண்டை வீட்டாரின் மொழியை அறிந்தும், அந்நாட்டாரின் இன்பதுன்பங்களை வினவியும், நம் குலத்தானல்லாத ஓர் ஏழை மாணவன் வந்து நின்றால் அவனுக்கும் ஒரு பாய் விரித்தும் வாழ்வதாகுக. கண்ணகிக்கு அடைக்கலம் ஈந்த மாதரி அவள் குலத்தாள் அல்லள் என்பதை நம் மாணாக்கருக்கு நினைவூட்டுகின்றோம்.

தண்டாயுதபாணியின் திருவருள் முன்னிற்க. அயலூர் சென்ற நம் மக்கள் அனைவரும் நலமே தங்கி நலமே மீள்க.